கல்லை மெதுவாகப் புரட்டுங்கள்: வட ஆப்பிரிக்கப் புழுப்பல்லியைத் தேடத் தொடங்குவோருக்கு

மொரோக்கோவின் வடகிழக்குக் கரையோரப் புதர்க்காட்டில், மார்ச் மாத மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பின்னர், மண்ணில் பாதி புதைந்த ஒரு தட்டைக் கல்லைத் தூக்கிப் பார்த்தால், அதன் அடியில் ஈரமண்ணின்மேல், சதுரங்கப் பலகையைச் சுருட்டிப் போட்டதுபோல மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம்போட்ட ஓர் உயிர் அசையாமல் கிடப்பதைக் காண வாய்ப்புண்டு. சில நொடிகளில் அது தலையை மண்ணுக்குள் செருகத் தொடங்கும். நீங்கள் கேமராவைக் கையில் எடுப்பதற்குள் வால் நுனியும் மறைந்துவிடும். அந்தச் சில நொடிகளுக்கு எவ்வாறு தயாராவது, அவற்றில் எதைப் பார்ப்பது, பார்த்த பின் எதை எப்படிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்பவற்றையே இக்கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

இவ்விலங்கின் அறிவியல் பெயர் டிரோகோனோஃபிஸ் வீக்மன்னி. 1830ஆம் ஆண்டு ஜெர்மானிய விலங்கியலாளர் கௌப் இதனை முதன்முதலாக விவரித்து, தம் காலத்து ஊர்வன ஆய்வாளரான வீக்மனின் பெயரைச் சூட்டினார். பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'கொறிக்கும் பாம்பு' என்று பொருள். இது பாம்பும் அன்று, எலிபோலக் கொறிப்பதும் அன்று என்பது வேறு செய்தி. மண்ணைத் தோண்டி அதனுள் வாழும், புழுபோல நீண்ட ஊர்வனவற்றையே புழுப்பல்லிகள் என்கிறோம்; உலகில் அவை ஏறத்தாழ 200 வகை உள்ளன. அவற்றுள் நாம் பேசும் இந்த இனத்தை, மேலே உள்ள வடிவத்தைக் கருதி, கட்டப் புழுப்பல்லி என்று அழைத்துக்கொள்வோம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பிடிப்பதற்கான வழிகாட்டி அன்று. வீட்டில் வளர்ப்பதற்கானதும் அன்று. கண்டு, உறுதிசெய்து, குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே விட்டுவருவதற்கானது.

படி 1: தேடப்போகும் உயிரை முதலில் வீட்டிலேயே அறிந்துகொள்ளுங்கள்

புழுப்பல்லியைப் பற்றிப் படித்துவிட்டுப் போகிறவருக்கும் படிக்காமல் போகிறவருக்கும் களத்தில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஏனெனில், கண்ணில் படும் நேரம் அவ்வளவு குறைவு. ஆகவே இந்தப் படிக்குச் சற்று நேரம் கொடுங்கள்.

கட்டப் புழுப்பல்லி பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கும், உடல் ஒரு பேனாவின் பருமன். முன்கால்கள், பின்கால்கள் எவையும் இல்லை. உடல் முழுவதும் வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையமும் சிறுசிறு செவ்வகச் செதில்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக அடுக்கியது. அச்செதில்களில் சில கறுப்பாகவும் சில மஞ்சளாகவும் இருப்பதால்தான் சதுரங்கப் பலகையின் தோற்றம் வருகிறது. பக்கவாட்டில் உடலின் நீளத்துக்கு ஒரு மெல்லிய மடிப்பு ஓடும். கண்கள் உண்டு, ஆனால் அவை செதிலுக்கு அடியில் கரும்புள்ளிகளாக மட்டுமே தெரியும், இமை கிடையாது. காதுத் துளை அறவே கிடையாது. காதுத் துளை இல்லாத உயிர் எப்படிக் கேட்கிறது என்ற ஐயம் எழலாம். பல புழுப்பல்லிகளில் நடுக்காது எலும்பிலிருந்து புறப்படும் ஒரு நீட்சி தாடையை ஒட்டி முன்னோக்கிச் சென்று முகத்துச் செதில்களைத் தொட்டு நிற்கிறது. மண்ணின் அதிர்வை முகமே வாங்கிக் காதுக்கு அனுப்புகிறது. நீங்கள் காலடி ஓசையைக் குறைத்து நடக்கவேண்டியதன் காரணமும் இதுவே.

நகரும் முறையையும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். புழுப்பல்லியின் தோல் உள்ளுடலோடு இறுக ஒட்டியிராமல் தளர்வான உறைபோல இருப்பதால், தோல் மண்ணைப் பற்றிக்கொள்ள, உள்ளே இருக்கும் உடல் முன்னே நழுவிச் செல்லும். பிறகு தோல் இழுபட்டுச் சேரும். பாம்பைப்போல வளைந்து நெளியாமல் நேர்கோட்டில் ஊர முடிவது இதனால்தான். முன்னோக்கிப் போகும் அதே எளிமையோடு பின்னோக்கியும் போகும். இக்குழுவின் பொதுப்பெயரான ஆம்ஃபிஸ்பீனியா என்பதற்கே 'இருபுறமும் நடப்பது' என்றுதான் பொருள். பழைய ரோமானியர்கள் லிபியப் பாலைவனத்தில் இருதலைப் பாம்பு ஒன்று வாழ்வதாக எழுதிவைத்தார்கள். நம் ஊரில் மண்ணுளிப் பாம்பின் மழுங்கிய வாலைக் கண்டு 'இருதலை மணியன்' என்று பெயர் வைத்ததைப் போன்ற கண்மயக்கே அதுவும்.

மண்ணைத் தோண்டும் விதமே இவ்வினத்தின் குடும்பத்தைப் பிற புழுப்பல்லிகளிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இக்குழுவை ஆழ்ந்து ஆராய்ந்த கார்ல் கான்ஸ், புழுப்பல்லிகளின் தலை வடிவையும் தோண்டும் முறையையும் சேர்த்து வகைப்படுத்தினார். தலை உருண்டையானவை முட்டி முட்டி வழி செய்யும். மண்வெட்டி போன்ற தட்டைத் தலை உடையவை மண்ணை மேல்நோக்கித் தள்ளும். செங்குத்தான விளிம்புத் தலை உடையவை இடமும் வலமும் அடித்து ஒதுக்கும். கட்டப் புழுப்பல்லியின் குடும்பமோ தலையை ஒரு திருகாணிபோல இப்புறமும் அப்புறமும் திருப்பி, முகத்தின் ஓரங்களால் சுவரைச் சுரண்டி, சுரண்டிய மண்ணை உடலால் அழுத்திக் கெட்டியாக்கும். கல்லைத் தூக்கியதும் அது தலையைச் செருகும்போது உற்று நோக்கினால், இந்தத் திருகலை உங்கள் கண்ணாலேயே காணலாம். நான் எந்தப் படத்தையும்விட அதிகம் விரும்பும் காட்சி இதுதான்.

இன்னும் மூன்று செய்திகள். முதலாவது, பற்கள் தாடையின் உட்பக்கத்தில் அமையாமல் தாடை விளிம்பின் உச்சியிலேயே எலும்போடு ஒட்டியிருக்கும். நம் ஓணானுக்கும் அப்படித்தான், ஆனால் பிற குடும்பத்துப் புழுப்பல்லிகளுக்கு அப்படி இல்லை. இரண்டாவது, பல பல்லிகளைப்போல வாலை உதிர்த்துவிட்டுத் தப்பும் பழக்கம் இக்குடும்பத்துக்குக் கிடையாது; ஆகவே வாலைப் பிடித்து இழுத்தால் அறுந்து போகாது, உடலே காயப்படும். மூன்றாவது, இது முட்டையிடாமல் குட்டி போடும்.

படி 2: ஒத்த உருவங்களிலிருந்து பிரித்தறியப் பழகுங்கள்

களத்தில் புதியவர்கள் செய்யும் முதல் தவறு மண்புழுவைப் புழுப்பல்லி என்று நினைப்பது. இரண்டாவது, புழுப்பல்லியைப் பாம்பு என்று நினைத்துக் கல்லைப் போட்டுவிட்டு ஓடுவது. இரண்டாவது ஆபத்தானது, உங்களுக்கு அல்ல, அதற்கு.

மண்புழுவின் வளையங்கள் மென்மையானவை, ஈரப் பசை உடையவை. செதில் இருக்காது, தாடை இருக்காது. புழுப்பல்லி உலர்ந்தது, மின்னுவது. சற்று நேரம் பொறுத்தால் மூக்கின் கீழிருந்து பிளவுபட்ட நாக்கு வெளிப்பட்டு மண்ணைத் தொட்டுத் திரும்பும். அந்த நாக்கைக் கண்டுவிட்டால் மண்புழுவா என்ற கேள்விக்கே இடமில்லை.

பாம்புகளோடு உள்ள வேறுபாட்டை அடிவயிற்றில் பாருங்கள். பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றில் அகலமான ஒற்றைச் செதில் வரிசை ஓடும்; புழுப்பல்லிக்கு முதுகில் உள்ள அதே வளையங்கள் வயிற்றையும் சுற்றி வரும். உள்ளுறுப்பிலும் ஒரு சுவையான தலைகீழ் உண்டு: பாம்புகளில் இடது நுரையீரல் சுருங்கி வலது பெருத்திருக்கும், புழுப்பல்லிகளில் வலது சுருங்கி இடது பெருத்திருக்கும். நீளுடலாக மாறியதில் இரண்டும் ஒரே ஊருக்கு வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்தவை. மரபணு ஆய்வுகளின்படி புழுப்பல்லிகளின் நெருங்கிய உறவினர், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் சுவர்களில் ஓடித்திரியும் லாசெர்ட்டா குடும்பத்துப் பல்லிகளே.

மொரோக்கோவில் உண்மையான குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அங்கே பிளானஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இரண்டு புழுப்பல்லிகளும் வாழ்கின்றன. வடக்கே டான்ஜியர் பக்கம் பிளானஸ் டிங்கிடானஸ், அதற்குத் தெற்கே பிளானஸ் மெட்டெட்டாலி. இவை இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறத்தில், தொலைவிலிருந்து பார்த்தால் தடித்த மண்புழுவைப் போலவே தோன்றும். தலைக்குப் பின்னால் குறுக்கே ஒரு பள்ளக் கோடு தெளிவாகத் தெரியும், சதுரங்கக் கட்டம் கிடையாது, இவை முட்டையிடுபவை. கட்டம் இருந்தால் டிரோகோனோஃபிஸ், கட்டம் இல்லாமல் தலைக்குப் பின்னால் பள்ளம் இருந்தால் பிளானஸ் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. மண் அப்பிய உடலில் கட்டம் மங்கித் தெரியும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் பள்ளத்தையும் பார்த்துவிடுங்கள்.

சால்சைடிஸ் பேரினத்துச் சில அரணைகளும் அதே கற்களின் கீழ் இருக்கும். அவற்றின் கால்கள் தீக்குச்சி முனை அளவுக்குச் சிறுத்திருந்தாலும் கால்கள் கால்களே. உடல் வழவழப்பாக, வளையம் இல்லாமல் இருக்கும். அரணை சட்டென்று புல்லுக்குள் ஓடும், புழுப்பல்லி கீழ்நோக்கித் தோண்டும். தப்பிக்கும் திசையைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ புழுப்பல்லி எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்ட, கால்களற்ற நிலநீர்வாழ்வியான சிசிலியனையோ வீட்டுத் தோட்டத்தில் கண்ட புழுப்பாம்பையோ வைத்து ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். ஆனால் வளைகுடா நாடுகளில் வேலைபார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: கட்டப் புழுப்பல்லியின் அதே குடும்பத்தைச் சேர்ந்த டிப்ளோமெட்டோபான் சருட்னி என்னும் இனம் குவைத், சவூதி அரேபியா, அமீரகம் முதலிய இடங்களின் மணலில் வாழ்கிறது. இரவில் மணலின் மேற்பரப்புக்கு வந்து உலாவும் பழக்கம் அதற்கு உண்டு. அதைப் பார்த்தவர்களுக்கு இக்கட்டுரையின் முதல் படி ஏற்கெனவே பாதி முடிந்துவிட்டது.

படி 3: இடத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுங்கள்

கட்டப் புழுப்பல்லி மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய மூன்று நாடுகளின் மத்தியதரைக்கடல் சார்ந்த நிலப்பகுதிகளில் வாழ்கிறது. இவ்வினத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, மொரோக்கோக் கரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. தொலைவில் ஸ்பெயினின் ஆட்சியில் உள்ள சஃபாரினாஸ் தீவுகளில், ஸ்பானிய ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கற்களைப் புரட்டிச் சேர்த்த அறிவாகும். மூன்றே சிறு தீவுகள். அவற்றுள் இசபெல் இரண்டு என்ற தீவில் மட்டுமே ஆட்கள் தங்குகிறார்கள். அனுமதியின்றி அங்கே போக இயலாது. தொடங்குவோர் அதை ஆசைப்படவும் வேண்டாம். எதிரே உள்ள நிலப்பரப்பே போதும்.

நிலத்தில் தேட வேண்டியவை நான்கு: கையால் கிளறினால் உதிரும் மணற்பாங்கான மண், அதில் சிறிதளவு உதிர்ந்த இலைமக்கு, அருகே புதர், மண்ணில் சற்றே அமிழ்ந்து உட்கார்ந்த கற்கள். களிமண் இறுகிய நிலத்திலும், ஆள் நடமாட்டத்தால் மிதிபட்டுக் கெட்டியான பாதை ஓரங்களிலும் நேரத்தை வீணாக்க வேண்டாம். தலையால் தோண்டி வாழும் உயிருக்கு மண்ணின் இறுக்கமே முதல் எதிரி. மண்மேல் வெறுமனே உருண்டு கிடக்கும் கல்லுக்கு அடியில் காற்று புகுந்து மண் காய்ந்துவிடும். ஆகவே அமிழ்ந்த கல்லையே தேர்ந்தெடுங்கள்.

காலம் என்றால் மழைக்காலம் முடியும் தறுவாய், அதாவது மார்ச் முதல் மே வரை. அடுத்து இலையுதிர் காலத்தின் முதல் மழைகளுக்குப் பின். மத்தியதரைக்கடல் பகுதியில் மழை குளிர்காலத்தில் பெய்யும், கோடை வறண்டிருக்கும் என்பதை நம் பருவ மழைக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கல்லின் அடி அடுப்புக்கல் போலச் சுடும். விலங்கு ஆழத்துக்குப் போயிருக்கும். நூறு கல் புரட்டினாலும் தேள்தான் கிடைக்கும்.

நாளின் எந்த நேரம் என்பதில்தான் இவ்விலங்கின் வாழ்க்கை முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. மற்றப் பல்லிகள் வெயிலில் காய்ந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். கட்டப் புழுப்பல்லி வெயிலுக்கு வருவதில்லை. வெயில் கல்லைச் சூடேற்ற, சூடான கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிப் படுத்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மெல்லிய கல் காலையில் விரைவாகச் சூடாகி நண்பகலில் தாங்க முடியாமல் கொதிக்கும். தடித்த கல் மெதுவாகச் சூடாகி மாலை வரை அந்தச் சூட்டை வைத்திருக்கும். எனவே காலையில் மெல்லிய கற்களையும், நேரம் ஏற ஏறத் தடித்த கற்களையும் பாருங்கள். உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் புரட்டுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் அடுத்த கல்லுக்குப் போங்கள். வெப்பமானியைவிட இந்தக் கைக்கணக்கு புதியவருக்கு விரைவில் படியும்.

படி 4: அனுமதியும் கருவிகளும்

மொரோக்கோவில் காட்டுயிரைப் பிடிக்கவோ எடுத்துச் செல்லவோ நீர், வனத் துறையின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் செல்வோரும் நிலத்துக்கு உரியவரிடமோ அங்கே ஆடு மேய்ப்பவரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவதே முறை. கல்லைப் புரட்டிக்கொண்டு திரியும் அந்நியனைப் புதையல் தேடுபவன் என்று ஊரார் எண்ணினால் அது அவர்கள் குற்றம் அன்று.

தடித்த தோல் கையுறை, கணுக்காலை மூடும் காலணி, கல்லின் விளிம்பை நெம்ப ஒரு சிறு களைக்கொத்தி அல்லது கொக்கி, மூடியுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பெட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், அளவுகோல், பென்சில், குறிப்பேடு. இவ்வளவே.

படி 5: கல்லைத் தூக்குதல்

கல்லின் முன்னால் நின்று, உங்களுக்கு எதிர்ப்பக்கத்து விளிம்பில் கொக்கியைக் கொடுத்து, கல்லை உங்களை நோக்கிச் சாய்த்துத் தூக்குங்கள். அப்போது கல்லே உங்கள் கால்களுக்கும் அடியில் உள்ளதற்கும் இடையே கேடயமாக நிற்கும்; அடியில் இருப்பது வெளியேற விரும்பினால் உங்களை விட்டு விலகிய திசையில் அதற்கு வழி திறந்திருக்கும். இது வீண் எச்சரிக்கை அன்று. அதே கற்களின் கீழ் மூரிஷ் விரியன் கிடக்கக்கூடும். மேற்கு மொரோக்கோவில் தடித்த வாலுடைய கருந்தேள் ஒன்று உண்டு, அதன் நஞ்சு உயிரைக் குடிக்கவல்லது. கல்லின் அடியில் விரலை நுழைத்துத் தூக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த நிலத்துக்குப் போகும் முன் அதை விட்டுவிடுங்கள்.

தூக்கும்போது கல் முதலில் இருந்த குழியின் விளிம்பை மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். கல்லின் எந்த மூலை எந்தப் புதரைப் பார்த்திருந்தது என்பதற்கு ஒரு சாக்பீஸ் கோடோ ஒரு குச்சியோ அடையாளமாக இருந்தால் திரும்ப வைக்கும்போது தடுமாற்றம் இருக்காது. தூக்கிய கல்லைப் பக்கத்தில் மெதுவாக நிறுத்தி வையுங்கள். உருட்டிவிட வேண்டாம், ஏனெனில் கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் எறும்புப் புற்றும் நத்தையும் சேர்ந்து உருளும். அந்த எறும்பும், வண்டும், பூச்சிகளின் இளம்புழுக்களும், சிறு நத்தையுமே கட்டப் புழுப்பல்லியின் உணவு. அதன் தாடை நத்தை ஓட்டோடு போராடும் அளவுக்கு வலியது. பெரிய தலை உடைய விலங்கு வலுவாகக் கடிக்கும்.

முதல் நாளில் இருபது முப்பது கற்களைப் புரட்டி ஒன்றும் கிடைக்காமல் போவது இயல்பு.

படி 6: பார்த்தல், படமெடுத்தல்

விலங்கு தென்பட்டதும் முதல் வேலை எதையும் தொடாமல் மூன்று மூச்சுக்கு அப்படியே பார்ப்பது. தனியாக இருக்கிறதா, பக்கத்தில் இன்னொன்று உண்டா, கல்லை ஒட்டி இருந்ததா, மண்ணுக்குள் பாதி புதைந்திருந்ததா என்பவை அந்த மூன்று மூச்சுக்குள்தான் தெரியும், பிறகு தெரியாது. ஒரே கல்லின் கீழ் ஆணும் பெண்ணுமாக இரண்டு இருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். நாக்கால் வாசனையைத் தொட்டறிந்து தன் இணையை அயலானிடமிருந்து வேறுபடுத்தி உணரும் திறனும் இவ்வினத்தில் சோதனை மூலம் காட்டப்பட்டுள்ளது. கண் மங்கிய, காது துளையற்ற உயிர் இருட்டில் குடும்பம் நடத்துவது மணத்தால்.

படம் வேண்டுமென்றால், பெட்டியின் வாயை அதன் தலைக்கு முன்னால் மண்ணோடு சாய்த்து வைத்து, பின்னாலிருந்து ஒரு குச்சியால் மென்மையாகத் தூண்டினால் அதுவாகவே உள்ளே போகும். கையால் எடுக்க வேண்டிய தேவை அநேகமாக வராது. பெட்டியின் ஒளி ஊடுருவும் அடிப்புறம் வழியாக வயிற்று வளையங்களையும், உடலின் பின்கோடியில் குறுக்குக் கீறலாகத் தெரியும் கழிவாயையும் பார்த்துவிடலாம். கழிவாய்க்குப் பின்னால் உள்ளது மட்டுமே வால். அது வியக்கத்தக்க அளவு குட்டையானது. 'எது தலை, எது வால்' என்று தடுமாறுகிறவர்கள் கழிவாயைத் தேடினால் ஐயம் தீரும்.

நான்கு படங்கள் போதும்: மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் தலை, அடிப்புறம், அளவுகோலோடு ஒன்று. பெட்டிக்கு உங்கள் நிழலைக் கொடுங்கள். வெயிலில் வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஓரிரு நிமிடத்தில் கொல்லும் சூட்டை எட்டிவிடும். இருட்டுக்கும் ஈரத்துக்கும் பழகிய உடல் அதைத் தாங்காது. மூன்று நிமிடத்துக்குள் படமெடுத்து முடிக்க முடியவில்லை என்றால் முடிந்தவரை போதும் என்று நிறுத்திவிடுங்கள்.

படி 7: திரும்ப வைத்தல்

இதையே நான் எல்லாவற்றினும் முக்கியமான படியாகக் கருதுகிறேன். இதில் அவசரப்படுகிறவரோடு இரண்டாம் முறை நான் களத்துக்குப் போவதில்லை.

வரிசை மாறக் கூடாது. முதலில் கல்; பிறகுதான் விலங்கு. விலங்கை விட்டுவிட்டு அதன்மேல் கல்லை இறக்கினால் நசுங்கும் அபாயம் உண்டு. கல்லைப் பழைய குழியில், பழைய திசையில், மேல்பக்கம் மேலாகவே பொருத்திவிட்டு, அதன் விளிம்பில் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால், விலங்கு தானாகவே கல்லும் மண்ணும் சேரும் இடுக்கில் தலையைச் செருகி நுழைந்துவிடும். இரண்டு இருந்திருந்தால் இரண்டையும் அதே கல்லின் கீழ் விடுங்கள்; 'பக்கத்துக் கல் இன்னும் நன்றாக இருக்கிறது' என்று இடம் மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை. பிறகு விளிம்பைச் சுற்றி நீங்கள் கலைத்த இலைமக்கையும் மண்ணையும் விரலால் ஒதுக்கி இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். காற்று புகும் சிறு சந்து இருந்தாலும் அடியில் உள்ள ஈரம் போய்விடும்.

ஒரு கல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, சஃபாரினாஸ் தீவுகளிலிருந்து ஒரு செய்தி. அங்கே நடைபாதை ஓரங்களில் அழகுக்காகக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசும் வழக்கம் இருந்தது. அவ்வாறு பூசிய கற்களின் கீழுள்ள மண்ணையும் பூசாத கற்களின் கீழுள்ள மண்ணையும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், சுண்ணாம்பு மண்ணின் தன்மையையே மாற்றிவிட்டதையும், அதன் பாதிப்பு அடியில் வாழ்ந்த புழுப்பல்லிகளின் உடல்நிலையில் தெரிந்ததையும் கண்டார்கள். யாரும் அவற்றைத் தொடவில்லை, பிடிக்கவில்லை. கல்லின் மேற்புறத்தில் வெள்ளை பூசியதோடு சரி.

படி 8: குறிப்பு எழுதுதல்

கல்லை மூடியவுடன், அடுத்த கல்லுக்கு நகரும் முன், அங்கேயே உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, நேரம், இடம், வானிலை என்பவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது கல்லின் கனத்தை, அதாவது தடிமனை. என்னுடைய முதல் குறிப்பேட்டில் விலங்கின் நீளம் மில்லிமீட்டர் வரை இருக்கிறது, கல்லின் கனம் ஓரிடத்திலும் இல்லை; எந்த நேரத்தில் எவ்வளவு தடித்த கல்லின் கீழ் இருந்தது என்ற, எல்லாவற்றினும் பயனுள்ள கேள்விக்கு அந்தப் பக்கங்களில் இன்று விடை கிடையாது. எனவே கல்லின் நீளம், அகலம், கனம், மண் உதிரியா இறுக்கமா, ஈரமா உலர்ந்ததா, அருகில் புதர் எவ்வளவு தொலைவு என்பவற்றை எழுதுங்கள். விலங்கைப் பற்றி: எண்ணிக்கை, ஏறத்தாழ நீளம், நிறம், தழும்போ காயமோ உண்டா, நாக்கை நீட்டியதா, எந்தப் பக்கம் தோண்டியது.

புரட்டிய கற்களின் மொத்த எண்ணிக்கையையும் கட்டாயம் குறியுங்கள். எட்டுக் கல்லில் ஒன்று கிடைத்த இடமும் எண்பது கல்லில் ஒன்று கிடைத்த இடமும் ஒன்றல்ல. ஒன்றும் கிடைக்காத நாளின் பக்கமும் ஒரு தரவே.

உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற பொது இணையத்தளத்தில் பதிவேற்றும்போது இருப்பிடத்தை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இந்த இனம் இன்று அழிவின் விளிம்பில் இல்லை. ஆயினும் கட்டம்போட்ட அழகான ஊர்வனவற்றை வாங்கி வளர்க்க விரும்புவோர் உலகில் இருக்கிறார்கள், ஒரு கல்லின் துல்லியமான இருப்பிடம் அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது. அதே கல்லுக்கு நீங்களும் மறுநாள் திரும்பிப் போக வேண்டாம். அடுத்த மழை வரை அதை விட்டுவிட்டு, சரிவின் மறுபக்கத்தில் புதிய கற்களிலிருந்து தொடங்குங்கள்.